ஆறு முட்டையின் வெள்ளைக்கரு

மதலைமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. அந்த வயதில் ஊரில் மற்றவர்கள் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். இவர் இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை மஸ்கட்டில் இருந்தது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது இவருடைய மனைவி அக்னஸ்.

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் நடராசனின் உரக்கடை மாடியில் இருக்கிறது அந்த ஜிம். கீழே யூரியா வாடை, மேலே வியர்வை வாடை. முப்பத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து, புயலென்றும் மழையென்றும் பார்க்காமல் கம்பம் ஏறிய மனிதர், அந்தப் பதினெட்டுப் படிகளை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதைப் பார்க்க வேண்டுமே! மகள் பிரின்ஸி கொடுத்தனுப்பிய கறுப்பு டிராக் பேண்ட் வேறு. நாற்பது வருஷம் காக்கியும் கைலியும் பழகிய இடுப்பில் அது நிற்கவே நிற்காது. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டம்பெல்லைத் தூக்குவார். மாஸ்டர் ஷஹ்பாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அங்கிள், நாடாவை இறுக்கிக் கட்டுங்க” என்பான்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? எல்லாம் வீண் கௌரவத்தால் வந்தது.

பிரின்ஸியின் பிரசவத்துக்காக அக்னஸ் ஆகஸ்ட் கடைசியில் மஸ்கட் போனாள். ஆறு மாத விசா. நவம்பரில் தஞ்சாவூருக்குப் போய் இவர் ரத்தம் பரிசோதித்தபோது சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு. டாக்டர் திட்டினார். எடையைக் குறைக்க வேண்டும், உடம்பை வளைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்றார். அன்று போனில் விஷயத்தைக் கேட்டதும் அக்னஸ் முதலில் மருந்துப் பேரையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, “நான் வந்துடட்டுமாங்க?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு மதலைமுத்துவின் நெஞ்சு எப்படித் துள்ளியது தெரியுமா? வா, வா, இன்றைக்கே வா என்று துள்ளியது. வாய் என்ன சொன்னது? “நீ எதுக்கு வரணும்? பச்ச ஒடம்புக்காரிய விட்டுட்டு வருவியா? என்னப் பாத்துக்க எனக்குத் தெரியும். நான் என்ன சின்னப்புள்ளையா?” என்றது. சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே! மறுவாரமே ஜிம்மில் சேர்ந்தார்.

ஷஹ்பாஸ் கூத்தாநல்லூர்ப் பையன். இங்கே மாமா வீட்டில் தங்கி ஜிம் நடத்துகிறான். இரும்பு தூக்கக் கற்றுத்தருவதைவிட, தூக்கி முடித்ததும் என்ன தின்ன வேண்டும் என்பதில்தான் அவனுக்கு அக்கறை அதிகம். “ஒர்க்கவுட் பாதி, சாப்பாடு பாதி அங்கிள். முடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள வயித்துக்குள்ள போயிடணும். மொதல்ல தண்ணி, இல்லன்னா உப்பு போட்ட மோரு. அப்புறம் முட்டை ஆறு, வெள்ளைக்கரு மட்டும். முளைகட்டின பச்சைப்பயறு ஒரு கப்பு. கொய்யாப்பழம் ஒண்ணு. அவ்வளவுதான். டீயும் போண்டாவும் மட்டும் வேணவே வேணாம்” என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தான்.

அந்தத் தாளைப் படமெடுத்து இவர் அக்னஸுக்கு அனுப்பினார். “இதெல்லாம் யாரு செஞ்சு குடுப்பா?” என்று கேட்டாள். “ஏன், எனக்குக் கையில்லையா?” என்றார் இவர்.

செய்யவும் செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் ஆறு முட்டையை அவித்து, உரித்து, மஞ்சளை எடுத்துவிட்டு, தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தார். ஒன்றை வாயில் வைத்தார். இறங்கவில்லை. மோரைக் குடித்தார். அதுவும் தொண்டையில் நின்றது. முட்டையில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை, அதுதான் குறை.

வேலையிலிருந்த காலத்தில், விடியற்காலையில் எங்காவது லைன் அறுந்து விழுந்தால் போய்க் கம்பம் ஏறி இழுத்துக் கட்டிவிட்டு, பத்து மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்ட வீடு வருவார். அக்னஸ் ஒரு செம்பு நீராகாரத்தோடு நிற்பாள். உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டது. “குடிச்சுட்டுப் பேசுங்க” என்பாள். பிறகு சோறு. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நிலைப்படியில் கைவைத்து நின்றுகொண்டே இருப்பாள். பேச்சும் கிடையாது ஒன்றும் கிடையாது, பார்த்துக்கொண்டு நிற்பதுதான். இவருக்கு அது எரிச்சலாக இருக்கும். “என்ன நின்னு பாத்துக்கிட்டே இருக்க? போயி வேலையப் பாரேன்” என்று விரட்டுவார். ஒரு நாள் இரண்டு நாளா, முப்பத்தாறு வருஷம் விரட்டினார். இப்போது விரட்ட ஆளில்லாமல் முட்டை இறங்கவில்லை. நன்றாக வேண்டும், விரட்டிய வாய்க்கு!

மறுநாளிலிருந்து ஜிம் முடிந்ததும் நேரே ரெத்தினத்தின் டீக்கடைதான். ஒரு டீ, இரண்டு போண்டா. போண்டாவின் மேல் ஆசையென்று நினைத்துவிடாதீர்கள். பாதி நாள் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைத் தாளில் மடித்து வைத்துவிடுவார். “என்னண்ணே வேணும்?” என்று அங்கே ஒருவன் கேட்கிறானே, அதற்காகப் போனார்.

படம் அனுப்பும் கதை தற்செயலாகத் தொடங்கியது. உரக்கடை நடராசனும் காலையில் ஜிம்முக்கு வருவார். அவருக்கு அவருடைய மனைவி வேம்பு ஒரு எவர்சில்வர் டப்பா கட்டிக்கொடுப்பாள். ஷஹ்பாஸ் தாளில் எழுதியது அத்தனையும் அச்சு மாறாமல் அதில் இருக்கும். ஒருநாள் இவர் ஜிம்மைக் காட்டலாமென்று எடுத்த படத்தில் அந்த டப்பாவும் விழுந்துவிட்டது. அக்னஸ் உடனே குரலில் பேசி அனுப்பினாள். “முட்டையெல்லாம் அவிச்சு எடுத்துட்டுப் போறீங்களா! பயறு நல்லா முளைச்சிருக்கே. எனக்கு இப்பதாங்க நிம்மதியா இருக்கு.” அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபிறகு, அது நடராசனுடையது என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மறுநாளும் படம் எடுத்தார். அதற்கு மறுநாளும் எடுத்தார். டப்பாவின் ஓரத்தில் ‘ந. வேம்பு’ என்று பேர் வெட்டியிருக்கும். அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு எடுப்பார்.

“நல்ல கதையா இருக்கே அண்ணே! தின்னுறது நானு, பேரு வாங்குறது நீங்களா?” என்று நடராசன் கேலி செய்வார். “ஒங்களுக்கும் ஒரு டப்பா கட்டச் சொல்லட்டுமா? வேம்பு ஒண்ணும் சொல்ல மாட்டா.”

“வேணாம் தம்பி. வீட்ல இருக்கு” என்பார் மதலைமுத்து. வீட்டில் என்ன இருந்தது? ராத்திரி வடித்த சோறு மூடி வைத்தபடி இருந்தது.

மார்கழி போய் தை வந்தது. ஆற்றில் தண்ணீர் நிறுத்திவிட்டார்கள். வயல்களில் அறுவடை மிஷின் ஓடி, ரோட்டோரமெல்லாம் நெல் குவியல். படம் மட்டும் ஒரு நாளும் தவறாமல் மஸ்கட்டுக்குப் போனது. ஆனால் அக்னஸின் பதில் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் குரலில் பேசி அனுப்பினாள். பிறகு ‘நல்லது’ என்று ஒரு வார்த்தை. பிறகு வெறும் கட்டைவிரல் படம். இதைக் கவனிக்க வேண்டாமா ஒரு மனிதர்? ஹூம். நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

விசா முடிய இரண்டு வாரம் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்னஸே கூப்பிட்டாள்.

“என்னங்க, பிரின்ஸிக்கு லீவு முடிஞ்சுபோச்சு. நாளையிலேருந்து ஆஸ்பத்திரி டூட்டி. புள்ளைய யாருகிட்ட விடுறதுன்னு அழுவுறா. என் விசாவ இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கலாமாம். இல்லன்னா பகல்ல புள்ளையப் பாத்துக்க அவ வேற யாரையாச்சும் பாக்கணும். இன்னிக்கு எழுதிக் குடுக்கணுங்கிறா. நீங்க என்ன சொல்றீங்க?”

மதலைமுத்து சுவரைப் பார்த்தார். அவருக்கு அழவேண்டும் போலிருந்தது. இன்னும் ஆறு மாதமா? இரண்டு வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தாரே! அவள் வரும்போது காட்டத்தானே தொப்பையைக் கரைத்துக்கொண்டிருந்தார்! “வேண்டாம், வந்துவிடு” என்று சொல்ல மூன்று நொடி ஆகுமா? மகள் அழுகிறாள் என்பது காதில் விழுந்துவிட்டதே, பிறகு எப்படிச் சொல்வார்?

“எழுதிக் குடேன். எனக்கென்ன? ராசா மாதிரி இருக்கேன். தெனமும் படம் பாக்குறல்ல?”

“ம். பாக்குறேன்” என்று சொல்லி அக்னஸ் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. ராத்திரி முழுக்கத் தூங்காத கோபத்தையெல்லாம் இரும்பின்மேல் காட்டினார். ஷஹ்பாஸே பயந்துபோய், “போதும் அங்கிள், போதும்” என்று பிடுங்கி வைத்தான். பிறகு, “அனேகமா நாளைக்கு நோன்பு ஆரம்பிச்சுடும். இனிமே நான் சொல்லித்தர மட்டுந்தான் செய்வேன், வெயிட் தொட மாட்டேன்” என்றான்.

“தண்ணிகூடக் குடிக்காம எப்படிப்பா தாங்குவ?” என்று மதலைமுத்து உச்சுக்கொட்டினார். அடுத்தவர் நோன்புக்கு உச்சுக்கொட்டிய மனிதருக்குத் தன் வீட்டு நோன்பு நினைவில் இல்லை. வீட்டில், மாதா கோயிலில் தரும் பங்குக் காலண்டரைக் கிழிப்பது அக்னஸ். எந்த நாள் ஒருசந்தி, எந்த நாள் கவிச்சி கூடாது என்று சொல்வதும் அவள்தான். போன ஞாயிறு பூசையில், பழைய குருத்தோலைகளைக் கொண்டுவந்து கொடுங்கள், சாம்பலுக்கு எரிக்க வேண்டும் என்று சாமியார் அறிவித்தபோது, இவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

நடராசன் டப்பாவைத் திறந்தார். வழக்கத்தைவிட நன்றாகவே படம் அனுப்பிவிட வேண்டும் என்ற வீம்பு இவருக்கு. “தம்பி, அதுல ஒண்ணப் பாதி கடிச்சுட்டு வை” என்றார். நடராசன் கடித்து வைத்தார். கட்டைவிரலால் பேரை மறைத்து, வெளிச்சம் பார்த்து எடுத்து, கீழே ‘இப்பதான் சாப்பிடுறேன். அருமை’ என்று எழுதியும் அனுப்பினார்.

டீக்கடைப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, வியர்வை காய்ந்த சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போன் அடித்தது. வீடியோவில் அக்னஸ். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“முட்டை சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். ஆறு.”

“இன்னிக்கு என்ன நாளு?”

“புதன்.”

“என்ன புதன்?”

மதலைமுத்து காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். புது வருஷத்தில் மாட்டியதோடு சரி, அதில் ஜனவரி மாதம்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பங்குக் கோயிலில் மணி அடித்தது. புதன்கிழமையில், இந்த நேரத்தில், எதற்கு மணி? அப்போதுதான் உறைத்தது. ஐயோ, மாதாவே! விபூதிப் புதன்!

கல்யாணம் ஆன நாளிலிருந்து விபூதிப் புதனில் அந்த வீட்டில் முட்டை என்ற பேச்சே எழுந்ததில்லை. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு ஒரு வேளைச் சோறுதான். அன்று தொடங்கும் தவக்காலம் நாற்பது நாளும் கவிச்சி கிடையாது. தெருவே அப்படித்தான்.

“ஒண்ணு, நீங்க வேதத்த விட்டுட்டீங்க” என்றாள் அக்னஸ். “இல்ல, அது உங்க தட்டு இல்ல. எது?”

வேதத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார் பாருங்கள், அந்த மனிதர்! உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

“நடராசனோடது” என்றார்.

“நேத்து அனுப்புனது?”

“அதுவும்.”

“பொங்கலுக்கு முந்தி, மோருல கறிவேப்பில தாளிச்சு?”

“எல்லாமே, அக்னஸ். வேம்பு கட்டிக் குடுக்கிறது.”

“அப்ப நீங்க இத்தன நாளும் என்ன சாப்பிட்டீங்க?”

“டீ. போண்டா.”

“இன்னிக்கு?”

“ஒண்ணுமில்ல.”

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. குழந்தை எழுந்துவிடக்கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பொரிந்து தள்ளினாள்.

“தெனமும் அந்தப் படத்தப் பாத்து என் வயிறு எப்படி எரிஞ்சுது தெரியுமா? முப்பத்தாறு வருஷம் நான் ஆக்கிப் போட்டத, நின்னு பாக்காத, போ போன்னு வெரட்டிக்கிட்டே தின்ன மனுஷன். நான் இந்தப் பக்கம் வந்ததும் முட்டை அவிக்கிறாரு, பயறு முளைகட்டுறாரு, மோரு தாளிக்கிறாரு, அருமைன்னு எழுதுறாரு. அப்ப நான் எதுக்கு அங்க? நான் இல்லாமதான் நல்லா இருக்காருன்னு நெனச்சுட்டேன். நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன். ஆனா எனக்கு அழுகையா வந்துச்சு.”

“அக்னஸ்...”

“என்ன அக்னஸ்?”

முப்பத்தாறு வருஷத்தில் அவர் இப்படியொன்றைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வதென்றும் தெரியாது. தெரியாமலே சொன்னார். “நீ இல்லாம ஒரு வாய்கூட எறங்கல. முட்டை அவிச்சேன், தொண்டையில நின்னுடுச்சு. யாராச்சும் என்ன வேணும்னு கேப்பாங்கன்னுதான் டீக்கடைக்குப் போனேன். என்னால முடியல. நீ எனக்கு வேணும். வந்துடு. இந்த மாசமே வந்துடு.”

திரையில் அக்னஸ் அசையவில்லை. லைன் போய்விட்டதோ என்று அவர் போனைத் தட்டினார். லைன் போகவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டேங்க” என்றாள். “ஆகஸ்ட்டு வரைக்கும். பிரின்ஸி காலையில டூட்டியில சேந்துட்டா. புள்ள எங்கிட்டதான் கெடக்கு, பாருங்க. இனிமே எப்படி வருவேன்?”

மதலைமுத்து விரலை மடக்கி மாதங்களை எண்ணினார்.

“நேத்து கேட்டேன்ல? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு போனக் காதுல வெச்சுக்கிட்டு நின்னேன். சொன்னா, பிரின்ஸிகிட்ட எப்படியாச்சும் பேசிக்கலாம்னு இருந்தேன். ராசா மாதிரி இருக்கேன்னீங்க. இத நேத்து சொல்லியிருக்கக் கூடாதா?”

சொல்லியிருக்கலாம். நேற்றும் சொல்லியிருக்கலாம், நவம்பரிலும் சொல்லியிருக்கலாம். இவர் தலையைக் குனிந்துகொண்டார். போனைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

“கை ஏன் நடுங்குது?” என்றாள் அக்னஸ். சட்டென்று அவள் குரல் மாறிவிட்டது. “இரும்பத் தூக்கிட்டு வந்து தண்ணிகூடக் குடிக்கலையா? எந்திரிங்க. அடுப்படிக்குப் போங்க. போன எடுத்துட்டுப் போங்க.”

போனார். “சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிருக்கீங்களா? அந்தத் தண்ணியச் செம்புல ஊத்துங்க. உப்பு ஒரு கல்லு. மொதல்ல குடிங்க, அப்புறம் பேசுங்க.” குடித்தார். இறங்கியது. “பச்சப்பயறு மூணாவது தட்டுல, மூடி ஒடஞ்ச டப்பாவுல இருக்கும். ரெண்டு கை அள்ளிக் கழுவிக் குக்கர்ல போடுங்க. இன்னிக்கு முளைகட்ட நேரமில்ல, அவிச்சே தின்னலாம். மூணு விசில்.” மஸ்கட்டிலிருந்துகொண்டு, அந்த அடுப்படியில் எது எங்கே இருக்கிறதென்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் தேடித் தேடி எடுத்தார்.

முதல் விசில் வந்தது. இரண்டாவதும் வந்தது. போன் சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தபடி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். மூன்றாவது வந்ததும் அவளே, “அணைச்சுடுங்க” என்றாள்.

பழைய சோற்றைக் கொஞ்சமாகப் பிழிந்துவைத்து, பக்கத்தில் பயறைக் கொட்டிக்கொண்டு, கீழே உட்கார்ந்தார். போனை எதிரே பலகையில் நிறுத்தினார். அப்போதுதான் நினைவு வந்து, “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

“எனக்கு இன்னிக்கு ஒருசந்தி. மத்தியானம் ஒரு வேளதான்.”

“அப்ப எனக்கும் ஒருசந்திதானே?” என்று கையை எடுத்தார்.

“அறுபது தாண்டினவங்களுக்குக் கெடையாது, சர்க்கரக்காரங்களுக்கும் கெடையாது. சாமியாரே சொல்லுவாரு. பேசாம சாப்பிடுங்க.”

அவர் ஒரு வாய் வைத்தார். பயறு வேகாமல் கொஞ்சம் கடிபட்டது, உப்பும் கூடுதல். திரையில் அக்னஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், அவர் தட்டையும் வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆகஸ்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் விழுங்கிவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.